முன்னுக்கு நிற்காதவர்கள்: உங்களுக்குப் பிடித்த ராக் பாட்டு, அதில் யாரும் பேசாத ஆள்

வாவிக்கரையான் (மட்டக்களப்பு)

நேற்று இரவு மழையில் கூரை ஒழுகி, அலுமாரிக்கு மேலே கிடந்த பெட்டியை இறக்க வேண்டி வந்தது. உள்ளே பழைய கசற்றுகள். பாதிக்கு மேல் பூஞ்சணம். தப்பியவற்றில் ஒன்று, நீலப் பேனையால் 'இங்கிலீஷ் 3' என்று மட்டும் எழுதிய அறுபது நிமிட டிடிகே. பாட்டின் பெயரும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சித்தப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த கசற்றுகளை டவுனில் ஒரு ரெக்கோடிங் பாரில் கொடுத்துப் பதிந்தது அது. ஒரு பக்கம் முப்பது நிமிடம். கடைக்காரர் நிமிடக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டார். நாடா முடிந்தால் பாட்டும் முடிந்தது. அப்படி அந்த முதல் பக்கத்தில் கடைசியாக மாட்டிக்கொண்டது ரோலிங் ஸ்டோன்ஸின் 'கிம்மி ஷெல்டர்'. பின்னால் பாடும் பெண்ணின் குரல் மேலே ஏறி, இன்னும் ஏறி, ஒரு சொல்லில் கீறிப் பிளக்கும். அதற்குக் கொஞ்சம் பிறகு 'டக்' என்று பொத்தான் துள்ளிவிடும். ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிட்டு இருந்த காலம். சத்தத்தைக் குறைத்து, பிளேயரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பேன். பாட்டே அந்த இடத்தில்தான் முடிகிறது என்று பத்து வருடம் நம்பியிருந்தேன். பாடிய பெண்ணும் அந்தக் குழுவில் ஒருத்தி என்றுதான் எண்ணம்.

மறுகா ஒரு நெற் கஃபேயில் மணிக்கணக்குக்குக் காசு கட்டித் தேடியபோதுதான் பெயர் கிடைத்தது: மெரி கிளேட்டன். 1969இல், லொஸ் ஏஞ்சலஸில், நடுராத்திரி போல அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வயிற்றில் பிள்ளை. தலையில் முடி சுருட்டும் உருளைகள்கூடக் கழற்றாமல் போய், சில தடவை பாடிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். குரல் பிளக்கும்போது பின்னால் குழுவின் பாடகர் மிக் ஜாகர் ஆச்சரியத்தில் கத்துவதும் பதிவில் விழுந்திருக்கிறது, ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நாளில் அவருக்குக் கரு கலைந்துபோனது. அந்தப் பாட்டைக் கேட்கவே முடியாமல் நெடுங்காலம் இருந்தாராம். இவ்வளவுக்கும் அந்த இசைத்தட்டின் உறையில் அவருடைய பெயரை எழுத்துப் பிழையோடு போட்டார்கள். மெரி என்பது மேரி ஆகிவிட்டது. என் கசற்றில் பெயரே இல்லை, அவர்களாவது பிழையாகப் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மழைக்கு வேறு வேலை இல்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு ராக் பாட்டைச் சொல்லுங்கள், அதில் யாரும் கவனிக்காத ஒரு ஆளையும் சொல்லுங்கள். முன்னுக்கு மைக் பிடித்து நிற்பவரைச் சொல்லக்கூடாது. ஜிம்மி பேஜ், கில்மோர் என்று பெரிய கிற்றார்காரர்களில் தொடங்குபவர்களுக்குப் பிளேன்ரீகூட இல்லை.


நாலு கம்பி (கல்முனை)

அண்ணன், இது எனக்காகவே கேட்ட கேள்வி போல இருக்கு.

பதினாறு வருடமாக இசைக்குழுக்களில் பேஸ், அதாவது கீழ்ச்சுருதிக் கிற்றார், வாசிக்கிறேன். கோவில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலைப் பழைய மாணவர் இரவு, எல்லாம். நிகழ்ச்சி முடிய ஆட்கள் வந்து பாடகருக்குக் கை கொடுப்பார்கள், கீபோட்காரரோடு செல்பி எடுப்பார்கள். என்னிடம் ஒரு பெரியவர் வந்து, "தம்பி, உங்கட பெரிய கிற்றாரில சத்தமே வரல்லையே, வயர் கழண்டு போச்சா?" என்று கேட்டார். உண்மையான அக்கறையோடு கேட்டார், அதுதான் கவலை.

சவுண்ட்காரர்களும் அப்படித்தான். எங்கேயாவது இரைச்சல் வந்தால் முதலில் இறக்குவது பேஸை. ஆனால் ஒரு திருவிழாவில் நடுப்பாட்டில் என்னுடைய ஆம்ப் செத்துப்போனது. பாடகர் பாடிக்கொண்டுதான் இருந்தார், ட்ரம்ஸும் போனது. முன்னால் ஆடிக்கொண்டிருந்த பொடியன்கள் மட்டும் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். ஏன் நின்றோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஒருத்தன் குனிந்து தன்னுடைய செருப்பைப் பார்த்தான்.

என்னுடைய ஆள் லெட் ஸெப்பெலினின் ஜோன் போல் ஜோன்ஸ். அந்தக் குழுவைப் பற்றிக் கதைக்கும்போது நாலாவது பெயராகத்தான் வரும். 'பிளாக் டோக்' பாட்டில் கணக்குத் தப்பித் தப்பிப் போய்ச் சரியான இடத்தில் வந்து விழும் அந்த வாசிப்பு இருக்கிறதே, அதை யோசித்தவர் இவர்தான். 'கோயிங் டு கலிபோர்னியா'வில் மன்டலின், 'நோ குவார்ட்டர்' முழுக்க அந்தத் தண்ணிக்குள்ளிருந்து வருவது போன்ற கீபோட், எல்லாம் அவர். குழுவில் சேருவதற்கு முன்பே 1967இல் ஸ்டோன்ஸின் ஒரு பாட்டுக்கு வயலின் வரிசை எழுதிக் கொடுத்தவர்.

1994இல் குழுவின் கிற்றார்காரர் பேஜும் பாடகர் பிளான்டும் திரும்பச் சேர்ந்தபோது இவருக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதிலும் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டுக்கு வைத்த பெயர் 'நோ குவார்ட்டர்', இவர் கை பட்ட பாட்டின் பெயர்! அடுத்த வருடம் ராக் அன்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம் என்ற கௌரவப் பட்டியலில் குழுவைச் சேர்த்தபோது மேடையேறி, ஒருவழியாக என்னுடைய தொலைபேசி எண்ணை ஞாபகம் வைத்ததற்கு நன்றி நண்பர்களே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பேஸ்காரன் கோபப்பட்டால் அப்படித்தான், கீழ்ச்சுருதியில் இருக்கும்.

இன்னொருவர் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் என்ற அமெரிக்க சோல் இசைக் கம்பனியின் பேஸ்காரர், ராக்கில் சேராது என்று சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். வலது கையில் ஒற்றை விரலால் மட்டும் வாசித்தவர். பழைய கம்பியை மாற்றவே மாட்டார், அழுக்கில்தான் சத்தம் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. நானும் கம்பி மாற்றுவதில்லை. என்னுடைய காரணம் வேறு, கம்பி விற்கிற விலை.


சூறாவளி78 (மட்டக்களப்பு, படுவான்கரை)

தம்பிமார், நான் உங்களை விட வயசில் கூட. எனக்கு ராக் பழக்கிவிட்டது கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் ஒரு அறைத்தோழன்.

லெட் ஸெப்பெலின் என்று நாலு கம்பி தொடங்கியதால் அங்கேயே நிற்கிறேன். 'வென் த லெவி பிரேக்ஸ்'. அணைக்கட்டு உடையும்போது. 1971இல் வந்தது. அந்த ட்ரம்ஸ் சத்தம் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பழைய பெரிய வீட்டின் கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஜோன் பொனமை உட்கார வைத்துவிட்டு, மைக்கை மேலே மாடியில் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். அடி கீழே விழுந்து, கூடம் முழுக்கச் சுற்றி, படியேறி வந்து மைக்கில் சேர்கிறது. அதனால்தான் தூரத்தில் எங்கேயோ பெரிய கதவை யாரோ உடைப்பது போலக் கேட்கிறது.

எனக்கு அந்தச் சத்தம் வேறு ஒன்று. 1978 நவம்பர் 23 இரவு நான் சின்னப் பொடியன். சூறாவளி. தென்னைகள் விழுந்த சத்தம் தனித்தனியாகக் கேட்டது, காற்றுக்கு மேலாக, ஒவ்வொன்றாக, சீரான இடைவெளியில். அப்பா எண்ணிக்கொண்டிருந்தார், ஒரு கட்டத்தில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். பிறகு 2011 ஜனவரி வெள்ளம். உன்னிச்சைக் குளத்து வான்கதவைத் திறக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. சாமான்களைப் பரணுக்கு ஏற்றிவிட்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்தப் பாட்டில் வரும் பயம் இங்கிலாந்துக்காரர்களுடையது அல்ல. 1927இல் மிசிசிப்பி ஆறு அணைக்கட்டை உடைத்துக்கொண்டு வந்ததைப் பற்றி 1929இல் கறுப்பினக் கலைஞர்கள் இரண்டு பேர் பதிந்த பாட்டு அது. கன்சாஸ் ஜோ மக்கோய் பாடினார். பக்கத்தில் கிற்றார் வாசித்தது மனைவி மெம்பிஸ் மினி.

என்னுடைய ஆள் அந்த மினிதான். மூலப் பதிவைத் தேடிக் கேளுங்கள். இரண்டு கிற்றார், ஒரு குரல், அவ்வளவுதான். ஸெப்பெலின் பாட்டில் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. இவர்களுடையதில் வெள்ளம் வரப்போகிறது என்று தெரிந்தும் மண்மூட்டை அடுக்குகிறார்கள். வேகமாக, கிட்டத்தட்ட உல்லாசமாகக்கூட இருக்கிறது. அதுதான் எனக்கு உண்மையாகப் படுகிறது. வெள்ளத்துக்கு முதல்நாள் ஊரில் யாரும் மெதுவாக நடப்பதில்லை. ஸெப்பெலின் இசைத்தட்டில் மினியின் பெயரையும் எழுதியவர்களில் ஒருவராகப் போட்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் 1973இல் வறுமையில் இறந்தார்.


மறுகா வாறன்

ஒருத்தரும் அயர்லாந்துக் கிற்றார்காரர் ரோரி கலகர் பெயரைச் சொல்லவில்லையா? உலகத்திலேயே சிறந்த கிற்றார்காரராக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஹென்ட்ரிக்ஸிடம் கேட்டபோது, "ரோரி கலகரிடம் கேளுங்கள்" என்றாராம். இதுக்கு மேல என்ன வேணும்?


கல்லடி ரீச்சர்

தம்பி, அந்தக் கதையை விடுங்கள். ஹென்ட்ரிக்ஸ் அப்படிச் சொன்னதற்கு ஒரு பதிவும் இல்லை. இதே கதையை வேறு இரண்டு மூன்று கிற்றார்காரர்களின் பெயரைப் போட்டும் சொல்கிறார்கள். பிள்ளைகள் கட்டுரையில் அப்துல் கலாம் சொன்னார் என்று எதையாவது எழுதிக் கொண்டுவருவார்களே, அந்த வகை.

ரோரிக்கு அப்படி ஒரு சான்றிதழ் தேவையும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் பெல்பாஸ்ட். எழுபதுகளில் வட அயர்லாந்தில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நேரம் வெளி இசைக்குழுக்கள் அந்த நகரத்துக்குப் போவதை நிறுத்திவிட்டன. இவர் நிறுத்தவில்லை. 1974 ஜனவரியில் பெல்பாஸ்ட், டப்ளின், கோர்க் மூன்றிலும் வாசித்ததுதான் 'ஐரிஷ் டூர்' இசைத்தட்டாக வந்தது. இதைக் கேட்கும்போது எனக்கு இசை மட்டும் கேட்பதில்லை. எல்லாப் பக்கத்து ஆட்களும் ஒரே மண்டபத்தில் ஒன்றரை மணித்தியாலம் நின்றிருக்கிறார்கள், வெளியே போனால் வீட்டுக்குப் போய்ச் சேருவோமா என்று தெரியாது. நாங்கள் படித்த காலத்தில் டியூசன் முடிந்து ஒரு இசை நிகழ்ச்சி இருக்கிறது என்றால் அம்மா முதலில் கேட்பது யார் பாடுகிறார்கள் என்றல்ல, எத்தனை மணிக்கு முடியும் என்று. அதில் இருந்து பார்த்தால் அந்தக் கைதட்டலின் சத்தமே வேறு. 'எ மில்லியன் மைல்ஸ் அவே' பாட்டை அந்தப் பதிவில் கேளுங்கள்.

ஆனால் வாவிக்கரையான் அண்ணனின் நிபந்தனைப்படி ரோரி செல்லாது. அவர் முன்னுக்கு நிற்பவர்.

என்னுடைய ஆள் சிஸ்டர் ரொஸெட்டா தார்ப். இவரும் முன்னுக்கு நிற்பவர்தான், ஆனால் கதை சொல்லும்போது பின்னுக்குத் தள்ளப்பட்டவர். 1915இல் ஆர்கன்சாவில் பிறந்தவர், தேவாலயப் பாடகி. எல்விஸ் எல்லாம் வருவதற்கு முன்பே, நாற்பதுகளில், மின் கிற்றாரைக் கையில் பிடித்துக்கொண்டு ராக் அன்ட் ரோல் எப்படி இருக்கும் என்று வாசித்துக் காட்டிவிட்டார். 1964 மே மாதம் மான்செஸ்டரில், பாவனையில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில் நடந்த நிகழ்ச்சியின் வீடியோ இருக்கிறது. ஒரு பிளாட்போமில் சனம், எதிர்ப் பிளாட்போமில் மேடை. மழை. குளிருக்கு நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு, வெள்ளைக் கிற்றாரை மாட்டிக்கொண்டு, 'டிடின்ட் இட் ரெய்ன்' என்று தொடங்குகிறார். மழையைப் பற்றி மழைக்குள் நின்று பாடுகிறார்! இடையில் கையை வீசி ஒரு வாசிப்பு வாசிப்பார், ஒரு ஆசிரியை கரும்பலகையை ஒரே வீச்சில் துடைப்பது போல. 1973இல் இறந்தார். முப்பது வருடத்துக்கு மேல் புதைகுழிக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. ஹோல் ஒஃப் ஃபேமில் சேர்த்தது 2018இல்.


வாவிக்கரையான்

ரீச்சர் சொன்னால் சரிதான். பிளேன்ரீ உண்டு.

சூறாவளி அண்ணன், மினி பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு மூலப் பதிவைக் கேட்டேன். நீங்கள் சொன்னது உண்மை, மெதுவாக நடப்பவர் யாருமில்லை.


பொத்துவில் அலை

காக்கா, நான் உங்களை எல்லாம் விடச் சின்ன ஆள். கசற் பார்த்ததே உம்மாவின் கல்யாண வீட்டுக் கசற்தான். அதனால் புது ஆளைப் பற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

அறுகம்குடாவில் சீசன் நேரம் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் நிற்கிறேன். சர்ஃப் அடிக்க வரும் வெள்ளைக்காரர்கள் திரும்பிப் போகும்போது எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். பாதிப் போத்தல் சன்ஸ்கிரீன், ஒற்றைச் செருப்பு, அப்படி. ஒரு வருடம் ஒருவர் கிற்றார் ஒன்றை விட்டுவிட்டுப் போனார். ஒரு முறுக்கி உடைஞ்சு போனது, அஞ்சு கம்பிதான். அதில்தான் பழகினேன். வாப்பாவுக்கு இது துண்டாகப் பிடிக்காது, இப்பவும் கடலுக்குப் போற ஆள் வரும் நேரம் பார்த்துத்தான் வாசிப்பேன்.

பிறகு யூரியூபில் எம்டூ மொக்தார் என்ற ஆளைக் கண்டுபிடித்தேன். நைஜர் நாட்டுக்காரர், சஹாரா பாலைவனத்து துவாரக் இனம். வீட்டில் மார்க்கப்பற்றான ஆட்கள், மின் கிற்றார் கூடாது என்றார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? பலகையை வெட்டித் தானே ஒரு கிற்றார் செய்து, சைக்கிள் பிரேக் கம்பியைக் கம்பியாகக் கட்டினார்! இதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அஞ்சு கம்பி வைத்துக்கொண்டு நான் அழுதுகொண்டிருந்தேன்.

இடது கைக்காரர். அவர் வாசிக்கும்போது கேட்டால் ஹென்ட்ரிக்ஸ் வழி தப்பி ஒட்டகத்தில் ஏறிப் போன மாதிரி இருக்கும். 2021இல் வந்த 'அஃப்ரிக் விக்டிம்' என்ற பாட்டைக் கேளுங்கள், கடைசியில் கிற்றார் அலறும், வாத்தியமா ஆளா என்று தெரியாது. எனக்குப் பிடித்தது இன்னொன்று. அவருடைய பாட்டு முதலில் பரவியது கடையாலோ வானொலியாலோ அல்ல. ஆட்கள் போனிலிருந்து போனுக்கு மெமரி காட்டிலும் புளூடூத்திலும் மாற்றி மாற்றி, பாலைவனம் முழுக்கப் போனது. நீங்கள் சொன்ன ரெக்கோடிங் பார் மாதிரித்தான், இல்லையா காக்கா? அதிலும் பாதிப் பேருக்குப் பாடியது யார் என்று தெரிந்திருக்காது.

நிபந்தனைப்படி யாரும் கவனிக்காத ஆள் என்றால், அவருடைய குழுவில் பின்னால் நின்று ரிதம் கிற்றார் வாசிக்கிற அஹ்மதூ மதசான். அவர் இல்லாவிட்டால் முன்னால் நிற்பவர் எங்கே போய் விழுவார் என்று யோசித்துப் பாருங்கள்.


அண்ணாவி பேரன்

எல்லாம் வாசித்தேன். ஒன்று கேட்கட்டுமா? மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் மழை பெய்தது தெரிகிறது, நைஜரில் பிரேக் கம்பி கட்டியது தெரிகிறது. உங்கட ஊரில் கூத்துக்கு மத்தளம் அடித்த ஆளின் பெயர் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். வட்டக்களரியில் விடிய விடிய அடிப்பார்கள். யாரும் கவனிக்காத கலைஞன் என்றால் அதுதானே?


நாலு கம்பி

பேரன், மத்தளம் அடித்துக் கூத்தை நடத்தும் அண்ணாவியாரை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல ஏலாது. களரியில் எல்லாரும் அவருக்குத்தான் பயம். அவர் முகத்தைப் பார்த்துத்தான் ஆட்டம் மாறும். அவர் முன்னுக்கு நிற்பவர் கணக்கில்தான் வருவார்.

ஆனால் நீங்கள் கேட்டதில் ஒன்று பிடித்துக்கொண்டது. பிற்பாட்டுக்காரர். யோசித்துப் பாருங்கள், வடமோடிக் கூத்தில் ஒரு ராசா வேடம் கட்டியவர் உடுப்பின் பாரத்தோடு சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டே பாடுகிறார். ஒரு வரி பாடுவார், மூச்சு வாங்கும். அந்த இடத்தில் வரியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துக்கொள்வார்கள். ராசா ஆடி முடித்து மூச்சுப் பிடித்து வரும்வரைக்கும் பாட்டு நிலத்தில் விழாமல் வைத்திருப்பது அவர்கள்தான். காலையில் யார் பேரைக் கேட்டாலும் ராசா யார், மந்திரி யார் என்று சொல்வார்கள். பிற்பாட்டு யார் என்று கேட்டால், "உவன்தான், அந்தக் கடைக்காரன்" என்பார்கள்.

மெரி கிளேட்டன் செய்தது வேற என்ன? ஜாகருக்கு மூச்சு வாங்கிய இடத்தில் வரியைக் கையில் எடுத்தார்.


அண்ணாவி பேரன்

இப்ப சரி. இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய அம்மப்பா பிற்பாட்டுக்காரர்தான், அண்ணாவியார் அவருடைய தமையன். பேரை வைக்கும்போது பெரிய ஆளின் பேரனாக வைத்துக்கொண்டேன், இப்ப யோசிக்க வெட்கமாக இருக்கு.


கல்லடி ரீச்சர்

நாலு கம்பி, நல்லாச் சொன்னீர்கள். அதே கணக்கில் இன்னும் ஒருவர். பிங்க் ஃபுளொய்டின் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. சொல்லே இல்லாமல் ஒரு பெண் நாலு நிமிடம் கதறி, கெஞ்சி, கடைசியில் அடங்கிப் போவாள். செத்த வீட்டு ஒப்பாரியில் சொற்கள் தீர்ந்துபோன பிறகு வரும் சத்தம் அது. பாடியவர் கிளேர் டோரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். பாட்டுக்கு வரி கிடையாது, மெட்டு கிடையாது, சாவைப் பற்றியது என்று மட்டும் சொன்னார்கள். முதலில் வழக்கமான பாட்டுக்காரி மாதிரி 'ஓ பேபி' என்று ஏதோ தொடங்க, சொல் வேண்டாம் என்றார்கள். அப்போது தன்னை ஒரு வாத்தியம் என்று நினைத்துக்கொண்டு பாடினாராம். கூலி 30 பவுண்.

அந்த இசைத்தட்டு எத்தனை கோடி விற்றது என்று உங்களுக்குத் தெரியும். 2004இல் வழக்குப் போட்டார், அடுத்த வருடம் இணக்கமாக முடிந்தது. இப்போது அந்தப் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவருடைய பெயரும் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம்! எனக்கு இதில் பிடித்தது, அவர் கேட்டது. பெரும்பாலானோர் கேட்பதில்லை.


மறுகா வாறன்

அப்ப தமிழில் யாரும் இல்லையா? 'இளைய நிலா' கிற்றார் யார் என்று கேட்டால் எல்லாரும் இளையராஜா என்பார்கள். வாசித்தது ஆர். சந்திரசேகர். ராஜாவின் ட்ரம்ஸ்காரர் புருஷோத்தமனின் சகோதரர். 1982இலிருந்து ஊரில் கிற்றார் வாங்கிய ஒவ்வொரு பொடியனும் முதல் கிழமை அந்த வாசிப்பில்தான் விரலைப் புண்ணாக்கிக்கொண்டான். ராக் இல்லை என்று ரீச்சர் சொல்வதற்கு முதல் ஓடுகிறேன்.


கல்லடி ரீச்சர்

ராக் இல்லை. ஆனால் இருக்கட்டும்.


சூறாவளி78

எழுபதுகளில் இலங்கைப் பொப் என்று ஒரு அலை அடித்ததே. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாடாத கல்யாண வீடு இல்லை. அந்தப் பதிவுகளில் பின்னால் பொங்கோவும் கிற்றாரும் வாசித்த கைகள் யாருடையவை என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வாவிக்கரையான் தொடங்கியதால் இப்போது உறுத்துகிறது.

இன்னொன்று. டவுனில் எங்கள் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறீர்களா? வயலினும் கிற்றாரும் சேர்ந்து கபரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை அடிக்கும்போது பெரிசுகள்கூட எழும்பி ஆடும். போர்த்துக்கேயர் போய் முன்னூற்றைம்பது வருடத்துக்கு மேல். அவர்கள் விட்டுப்போன மொழியில் இப்பவும் பாட்டு நடக்கிறது, அதுவும் எங்கள் வாவிக்கரையில். மின் கிற்றார் இல்லை, ஆம்ப் இல்லை, ஆனால் அந்த வேகத்தைக் கேட்ட பிறகு ராக் அன்ட் ரோல் எனக்குப் புதிதாக இருக்கவில்லை. எனக்கு வயலின் வாசித்துக் காட்டிய பெரியவர் பகலில் தச்சு வேலை செய்தவர். வாத்தியத்தின் உடைவைத் தானே ஒட்டியிருந்தார், பசை வெளியே தெரியும்.


பொத்துவில் அலை

நாலு கம்பி காக்கா, ஜேமர்சன் பாட்டு ஒன்று சொல்லுங்களேன். எதில் தொடங்க?


நாலு கம்பி

மார்வின் கேயின் 'வட்ஸ் கோயிங் ஒன்', 1971. பாடகரை விட்டுவிட்டு அடியில் போவதை மட்டும் கேள் தம்பி. அன்று அவருக்கு நிமிர்ந்து இருக்கவே முடியாத நிலை, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு வாசித்தார் என்கிறார்கள். போனின் ஸ்பீக்கரில் கேட்காதே, ஒன்றும் வராது. பிறகு நீயும் என்னிடம் வந்து வயர் கழண்டு போச்சா என்று கேட்பாய்.


வாவிக்கரையான்

இன்றைக்கு வெயில் கொஞ்சம் எறித்தது. கசற்றின் பஞ்சைத் துடைத்து, பென்சிலை விட்டுச் சுற்றி, பக்கத்து வீட்டு ஐயாவின் பழைய பிளேயரில் போட்டுப் பார்த்தேன். ஓடுகிறது. சத்தம் தண்ணீருக்குள் இருப்பது போல இருக்கிறது, நாலு கம்பி சொன்ன கீபோட் மாதிரி. மெரி கிளேட்டனின் அந்த இடம் வந்தது, நாடா சுருங்கிப் போனதில் குரல் இன்னும் கொஞ்சம் கூடப் பிளந்தது. பிறகு 'டக்'. மகள் பக்கத்தில் இருந்தாள். "மிச்சம் எங்கே?" என்றாள். போனில் முழுப்பாட்டையும் போட்டுக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "அப்பா, அந்த டக் இல்லையே" என்கிறாள்.

சரி, வருகிற போயா அன்று பின்னேரம் கல்லடியில் பழைய பாலத்தடிக்கு வரக்கூடியவர்கள் வாருங்கள். மழை இல்லாவிட்டால். நாலு கம்பி பேஸைக் கொண்டுவரட்டும், சின்ன ஆம்ப் ஒன்று என்னிடம் இருக்கிறது. பொத்துவில் தம்பி பஸ்ஸில் வந்தால் இரவு தங்க இடம் உண்டு.


பொத்துவில் அலை

வாறன் காக்கா. வாப்பாவிடம் கல்முனையில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். கிற்றாரின் மூன்றாவது கம்பியும் நேற்று அறுந்து போச்சு, இப்ப நாலுதான். யாரிடமாவது ஒன்று இருந்தால் கொண்டுவாருங்கள். பழையது என்றாலும் பரவாயில்லை.


நாலு கம்பி

என்னிடம் இருப்பது பேஸ் கம்பிதான் தம்பி. சைக்கிள் கடைப் பக்கம் போய்ப் பார்க்கிறேன்.